கோச்சோட கண்ணா, ஜிபிஎஸ் கணக்கா? – வாசகர் கேள்வி பதில்

ஃபுட்பால்ல ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் பெருசா, மேனேஜரோட உள்ளுணர்வு பெருசான்னு போன இதழ்ல கேள்வி கேட்டு எழுதச் சொல்லியிருந்தோம். வந்த லெட்டர், மெயில்ல பாதி "டேட்டா வந்து ஆட்டத்தையே கெடுத்துருச்சு"ன்னு கோவம், மீதி பாதி "பழைய ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கோவம். இடம் இருக்குற வரைக்கும் பதில் சொல்றேன்.

கே: சார், அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 13 லீக் பட்டம் வாங்கிக் குடுத்தாரு. வெஸ்ட்டு, லேப்டாப்பு எதுவும் இல்லாம கண்ணால பாத்தே ஜெயிச்சாரு. இன்னைக்கு எதுக்கு இவ்ளோ சயின்ஸ்? – கல்லூரி மாணவர், திருச்சி

ப: எதுவும் இல்லாமன்னு சொன்னீங்க பாருங்க தம்பி, அது சரியில்ல. ஃபெர்குசனோட கடைசி வருஷங்கள்ல யுனைடெட்டோட ட்ரெய்னிங் எடமான கேரிங்டன் கிரவுண்ட்ல, பிளேயருங்க ட்ரெய்னிங் முடிச்ச 20 நிமிஷத்துல ஜிபிஎஸ் வெஸ்ட்டோட (ஓட்டத்த அளக்க மேல மாட்டிக்கிற பனியன்) கணக்கு கைக்கு வந்துரும், மான்செஸ்டர்ல வெயில் பத்தாதுன்னு வைட்டமின் டி-க்கு தனியா பூத் வெச்சிருந்தாரு, கண் டாக்டர் ஒருத்தர வேலைக்கு எடுத்தாரு, யோகா சொல்லிக் குடுக்க வாரம் ரெண்டு நாள் ஆள் வந்தாங்க, ரயன் கிக்ஸ் 40 வயசு வரைக்கும் ஆடினதுக்கு அந்த யோகாவும் ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்காரு.

ஆனா நீங்க சொல்ற கண்ணும் பொய் இல்ல. ஃபெர்குசன் ஸ்காட்லாந்துல அபர்டீன் டீம்ல இருந்தப்ப, ட்ரெய்னிங்க நாங்க பாத்துக்கறோம் நீங்க ஓரமா நின்னு கவனிங்கன்னு அவரோட அசிஸ்டன்ட் சொன்னாரு, இவருக்கு முதல்ல மனசே இல்ல, பிடி விட்டுப் போயிரும்னு பயம். அப்புறம் ஒதுங்கி நின்னு பாக்க ஆரம்பிச்சதும்தான் ஒருத்தன் வழக்கமா செய்யற ஏதோ ஒண்ண இன்னைக்கு செய்யலன்னு தெரிய வந்துச்சு, திடீர்னு ஒருத்தனுக்கு ஆர்வம் கொறஞ்சிருக்கு, வீட்டுல பிரச்சினையா, பணப் பிரச்சினையா, உடம்பு அசதியான்னு விசாரிக்க முடிஞ்சுது. பிளேயரே நான் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சிட்டு இருக்கும்போது கூட இவனுக்கு எங்கயோ அடி பட்டிருக்குன்னு சில சமயம் எனக்கு தெரிஞ்சிரும்னு பின்னாடி அவர் சொன்னாரு. நாம இதுக்கு உள்ளுணர்வுன்னு பேர் வெச்சிருக்கோம், எனக்கு இது பொறுமையா நின்னு பாத்த பழக்கம்னுதான் படுது. அந்த மாதிரி பாக்கத் தெரிஞ்ச ஆள்தான் வெஸ்ட்டையும் வாங்கி மாட்டினாருங்கறத மறந்துறாதீங்க.

கே: அதே ஃபெர்குசன் 2001ல யுனைடெட் டிஃபெண்டர் யாப் ஸ்டாம் டாக்கிள் (எதிராளி கால்லேர்ந்து பந்த பறிக்கறது) கம்மியா பண்றாருன்னு கம்ப்யூட்டர் சொன்னத நம்பி வித்து ஏமாந்தாரே? – ஈரோடு

ப: இந்தக் கதைய நானும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன், டேட்டா வேஸ்ட்டுன்னு சொல்ல வர்றவங்க எல்லாரும் முதல்ல எடுத்து நீட்டுறது இதத்தான். ஆனா ஃபெர்குசன் பின்னாடி சொன்ன காரணம் வேற. ஸ்டாம் குதிகால் நரம்புல, அதாவது அக்கிலீஸ்ல அடிபட்டு அப்பதான் திரும்பி வந்திருந்தாரு, ஆளு கொஞ்சம் மங்கிட்டாரோன்னு எங்களுக்கு தோணுச்சு, 29 வயசு டிஃபெண்டருக்கு இத்தாலி டீம் லாட்சியோ 1 கோடியே 65 லட்சம் பவுண்டு தர்றேன்னு வந்தாங்க, குடுத்துட்டோம், ஆட்டக் கணக்குல அது தப்புதான்னு ஒத்துக்கிட்டாரு. தோணுச்சுங்கற வார்த்தைய பாருங்க. கண்ணு பாத்து எடுத்த முடிவுதான் அதுவும். அதே ஸ்டாம் 2005ல ஏசி மிலானுக்கு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடினாரு.

அக்கிலீஸ்ல அடிபட்டு வர்ற ஆளுக்கு பழைய வேகம் திரும்ப மாசக்கணக்குல ஆகலாம். இப்ப இருக்குற மாதிரி வாரா வாரம் ஓட்டத்தோட வேகத்த அளந்து வெச்சிருந்தா இது நிரந்தரமா, இல்ல இன்னும் ஆறிட்டு இருக்குற காலம்தானான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்கிள் எண்ணிக்கை அந்தக் கேள்விக்கு பதிலே கிடையாது, நல்ல டிஃபெண்டர் சரியான இடத்துல நின்னாலே பாதி நேரம் காலை நீட்டவே தேவப்படாது.

கே: மேட்ச்ச கேமரா வெச்சு அளக்குற ப்ரோசோன் கம்பெனிய ஆரம்பிச்சது இலங்கைக்காரராமே, நிஜமா? – டொராண்டோ

ப: நிஜம்தாங்க. ராம் மயில்வாகனம், இலங்கையிலேர்ந்து இங்கிலாந்து போனவர். 90கள்ல டெர்பி கவுண்ட்டி டீம்ல, ஜிம் ஸ்மித் மேனேஜர், ஸ்டீவ் மெக்லாரன் கோச், அங்கதான் முதல்ல காலூனினாங்க, மெக்லாரன் 1999ல யுனைடெட்டுக்கு போனப்ப கையோட ப்ரோசோனையும் கூட்டிட்டுப் போனாரு. இத ரொம்ப நல்லா பயன்படுத்தினது போல்ட்டன் மேனேஜர் சாம் அலர்டைஸ். அவர பழைய காலத்து தூக்கி அடி கோச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அவரு 1983ல அமெரிக்காவுல டாம்பா பே டீமுக்கு ஆடப் போனப்ப அங்க அமெரிக்கன் ஃபுட்பால்காரங்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிபுணர வெச்சிருந்தத பாத்துட்டு வந்து சின்ன ஊரு டீம்ல அதயே செஞ்சாரு. வயசாயிருச்சுன்னு பெரிய டீமுங்க விட்ட ஜோர்கேஃப், ஹியர்ரோ மாதிரி ஆளுங்கள கூட்டிட்டு வந்து உடம்ப பாத்துக்கிட்டாரு. 2004–05ல ஆறாவது எடம், கிளப் வரலாறுலயே முதல் தடவ ஐரோப்பிய போட்டி. ஆள பாத்து எடை போடக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்றது இவருக்கு அப்படியே பொருந்தும்.

கே: டாக்டர் வேணாம்னு சொன்ன பிளேயர இறக்கி மேனேஜர் ஜெயிச்ச கதையும் இருக்குல்ல? ரிஸ்க் எடுக்காம கப்பு எப்படி வரும்? – மதுரை

ப: ரிஸ்க் எடுக்கணும், நானும் ஒத்துக்கறேன். எப்படிப்பட்ட ரிஸ்க்குன்னு ஒரே ராத்திரியில ரெண்டு டீம்லயும் பாத்தத சொல்றேன்.

2014 மே 24, லிஸ்பன், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ரியல் மாட்ரிட்டும் அத்லெட்டிகோ மாட்ரிட்டும். நம்ம ஊர்ல நடுராத்திரி பன்னெண்டே காலுக்கு ஆரம்பம், வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் டிவி சவுண்ட கம்மி பண்ணி வெச்சு பாத்துட்டு இருந்தேன். அத்லெட்டிகோவோட டியேகோ கோஸ்டாவுக்கு சரியா ஒரு வாரம் முன்னாடிதான், பார்சிலோனா கூட லீக்க முடிவு பண்ற மேட்ச்ல, தொடைப் பின் சதை போயிருந்துச்சு. அவரு செர்பியாவுக்கு பறந்து போயி, குதிரை நஞ்சுக்கொடி வெச்சு வைத்தியம் பண்ற ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வந்தாரு. மேனேஜர் சிமியோனே அவர முதல் பதினொண்ணுல இறக்கிட்டாரு. ஒன்பதாவது நிமிஷம் கோஸ்டா வெளிய வந்துட்டாரு.

போனது ஒரு பிளேயர் மட்டும்னா பரவாயில்ல, அன்னைக்கு மூணே மூணு சப்தான் (ஆள் மாத்தற வாய்ப்பு), அதுல ஒண்ணு ஒன்பது நிமிஷத்துல செலவு. கோடின் ஹெட்டர்ல 1–0 லீட் எடுத்து 90 நிமிஷமும் காப்பாத்திட்டாங்க, 83வது நிமிஷம் ஃபிலிப்பே லூயிஸுக்கும் முடியாம போயி மூணாவது சப்பும் முடிஞ்சுது, 93வது நிமிஷம் ரியலோட ராமோஸ் தலையால முட்டி சமன் பண்ணினாரு. எக்ஸ்ட்ரா டைம்ல அத்லெட்டிகோவோட ஹுவான்ஃப்ரான் ஒரு கால இழுத்து இழுத்து நடந்தது இன்னமும் என் கண்ணுலயே நிக்குது, மாத்த ஆள் இருக்கு, மாத்த சப் இல்ல, பந்து வரும்போதெல்லாம் அந்தப் பக்கமே ரியல் போச்சு. கடைசியில ரியல் 4–1ன்னு ஜெயிச்சுது. சிமியோனே அது என் தப்புதான்னு மேட்ச் முடிஞ்சதும் பொறுப்ப ஏத்துக்கிட்டாரு, அந்த நேர்மைக்கு எனக்கு அவர் மேல இன்னும் மரியாதை உண்டு.

இப்ப எதிர்ப் பக்கம் பாருங்க. ரியல்ல சாபி அலோன்சோவுக்கு தடை, அவர் எடத்துல மேனேஜர் அன்செலோட்டி இறக்கினது சாமி கெதிராவ. கெதிராவுக்கு 2013 நவம்பர்ல முழங்கால் ஏசிஎல் லிகமென்ட் கிழிஞ்சு, ஃபைனலுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் திரும்பி ஆட வந்திருந்தாரு. அதுவும் சூதாட்டம்தான், ஆளு அன்னைக்கு வேகமா ஆடவும் இல்ல. ஆனா ஆறு மாசம் படிப்படியா கொண்டு வந்த கால் அது, 59வது நிமிஷம் அவர எடுத்துட்டு இஸ்கோவ இறக்கினாரு, ஆட்டமும் மாறுச்சு. ஒருத்தர் இவ்ளோ நேரம் தாங்குவாருன்னு கணக்குப் போட்டு இறக்கினாரு, இன்னொருத்தர் தாங்கிடணும்னு வேண்டிக்கிட்டு இறக்கினாரு. எனக்கு வித்தியாசம் அவ்ளோதான் தெரியுது.

ஜெர்மனி கோச் லோவும் அதே கெதிராவ உலகக் கோப்பைக்கு கூட்டிட்டுப் போனாரு, பிரேசில 7–1 அடிச்ச மேட்ச்ல கெதிராவும் ஒரு கோல் போட்டாரு. ஃபைனல் வார்ம்-அப்ல கெண்டைக்கால்ல ஏதோ சரியில்லன்னதும் ஆடல. வாழ்க்கையில ஒரு தடவ வர்ற மேட்ச்.

கே: 2015ல செல்சி மேனேஜர் மொரீனியோ தன்னோட டீம் டாக்டரயே திட்டினாரே, அதுல யாரு பக்கம் நியாயம்? – பெயர் வேண்டாம், கோவை

ப: டாக்டர் பக்கம், யோசிக்கவே வேணாம். செல்சியும் ஸ்வான்சியும் 2–2, செல்சியில ஏற்கனவே ஒருத்தர் ரெட் கார்டுல வெளிய, ஹசார்ட் விழுந்து கெடக்காரு, ரெஃபரி கூப்பிடறாரு, டாக்டர் எவா கார்னேரோ உள்ள ஓடினாங்க. வைத்தியம் பாத்ததால ஹசார்டும் கொஞ்ச நேரம் வெளிய நிக்க வேண்டியதாச்சு, ஒன்பது பேர்தான் உள்ள, இவங்களுக்கு ஆட்டம் புரியலன்னு மொரீனியோ கோவப்பட்டாரு. ரெஃபரி கூப்பிட்டா டாக்டர் போகாம இருக்க முடியுமா? மறு வருஷம் செல்சி கிளப்பே அவங்ககிட்ட பகிரங்கமா மன்னிப்பு கேட்டுச்சு.

தலையில அடின்னா இன்னும் கண்டிப்பு வேணும். 2014 உலகக் கோப்பை ஃபைனல்ல கெதிராவுக்கு பதிலா வந்த கிறிஸ்டோஃப் கிராமர் தலையில மோதின பிறகும் பத்து நிமிஷத்துக்கு மேல ஆடிட்டு இருந்தாரு, ரெஃபரி ரிட்சோலிகிட்ட போயி "இது ஃபைனலா?"ன்னு கேட்டாரு, ரெஃபரிதான் ஜெர்மனிக்காரங்கள கூப்பிட்டு சொன்னாரு. பக்கத்துல இருந்த யாருக்கும் தெரியல. தலையடிக்கு கண்ணும் வேணாம் உள்ளுணர்வும் வேணாம், சந்தேகம்னா உடனே வெளிய, மேனேஜர்கிட்ட கேக்கவே வேண்டியதில்ல.

கே: இவ்ளோ சயின்ஸ் வந்தும் காயம் கொறஞ்ச மாதிரி தெரியலயே? – உடற்கல்வி ஆசிரியை, தஞ்சாவூர்

ப: ரொம்ப சரியான கேள்வி மேடம். ஸ்வீடன்ல யான் எக்ஸ்ட்ராண்ட்னு ஒரு டாக்டர், அவரோட குழு 2001லேர்ந்து ஐரோப்பாவோட பெரிய கிளப்புகள்ல காயங்கள வரிசையா எழுதி வெச்சிட்டு வர்றாங்க. மொத்த காயத்துல ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைப் பின் சதையோட பங்கு ஆரம்பத்துல 12 சதவீதம், 2021–22ல 24 சதவீதம். ஆட்டம் வேகமாயிருச்சு, மேட்ச் எண்ணிக்கை கூடிருச்சு, நடுவுல ஊர் ஊரா பறக்கணும், ஆறதுக்கு நாள் இல்ல.

அதே குழு இன்னொண்ணும் பாத்தாங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். டாக்டருக்கும் ஹெட் கோச்சுக்கும் பேச்சு வார்த்தை சரியில்லாத கிளப்புகள்ல காயத்தால போற நாளு அதிகம், ட்ரெய்னிங்குக்கு வர முடியற ஆளு கம்மி. எந்த மெஷின் வாங்கினாங்கன்னு இல்ல பாருங்க, ரெண்டு பேரு ஒழுங்கா பேசிக்கறாங்களா இல்லையாங்கறது.

இங்கிலாந்துல 2014ல நடந்தத எடுத்துக்கோங்க. லிவர்பூல்ல வேகமா ஓடுற பசங்களுக்கு மேட்ச் முடிஞ்சா ரெண்டு நாள் ஓய்வுன்னு வழக்கம். டேனியல் ஸ்டர்ரிட்ஜ் இங்கிலாந்து டீமுக்குப் போயி நார்வே கூட ஆடி, ரெண்டாவது நாள் ட்ரெய்னிங்ல தொடை போச்சு, லிவர்பூல் மேனேஜர் ராட்ஜர்ஸுக்கு கோவம், இங்கிலாந்து மேனேஜர் ஹாட்ஜ்சன் அந்த ரெண்டு நாள் கணக்கையே ஏத்துக்கல, பேப்பர்ல மாத்தி மாத்தி பேசினாங்க. அடுத்த மாசம் ரஹீம் ஸ்டெர்லிங், 19 வயசு, எஸ்டோனியா மேட்ச்சுக்கு முன்னாடி ஹாட்ஜ்சன்கிட்ட அசதியா இருக்குன்னு சொன்னான். ஹாட்ஜ்சன் பெஞ்ச்ல வெச்சாரு, அது நல்ல முடிவு. ஆனா காரணத்த வெளிய சொன்னதும் 19 வயசுல உனக்கு என்ன அசதின்னு ஊரே அந்தப் பையன கிழிச்சு எடுத்துச்சு. அதப் பாத்த எந்தப் பையன் அடுத்த தடவ உண்மைய சொல்லுவான்? காலையில ஃபார்ம் குடுத்து தூக்கம் எப்படி, கால் வலி எப்படின்னு நம்பர் போடச் சொல்றாங்களே, உண்மைய எழுதினா டீம்ல எடம் போயிரும்னு பயந்துட்டா அந்த ஃபார்ம்ல எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் எழுதுவாங்க. அப்ப சயின்ஸ் பொய்யான நம்பர வெச்சு சரியா கணக்குப் போட்டுட்டு இருக்கும்.

கே: சயின்ஸ்காரங்களே தப்பு பண்ணினது உண்டா? – சேலம்

ப: உண்டு. 70கள்ல சோவியத் காலத்து டைனமோ கீவ், கோச் லோபனோவ்ஸ்கி, கூட செலென்ட்சோவ்னு ஒரு விஞ்ஞானி, அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் வெச்சு ட்ரெய்னிங் போட்டாங்க. 1975ல ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் ஜெயிச்சாங்க, மறு வருஷமே அந்த பாரம் தாங்க மாட்டோம்னு பிளேயருங்க எதிர்த்து நின்னுட்டாங்க. நம்ம காலத்துலயும், கடைசி ஒரு வார உழைப்ப நாலு வார சராசரியால வகுத்து 1.5 தாண்டினா ஆபத்துன்னு ஒரு கணக்கு பெரிய கிளப்புகள்ல எல்லாம் வேதமா இருந்துச்சு, பின்னாடி ஆராய்ச்சிக்காரங்களே அந்தக் கணக்குல ஓட்டை இருக்குன்னு எடுத்துக் காட்டினாங்க. இந்த சனிக்கிழமை இவனுக்கு சதை கிழியும்னு ஒரு ஆள காட்டிச் சொல்ற மெஷின் இன்னும் வரல.

கே: ரெண்டும் சரியா சேந்த டீம் ஒண்ணு சொல்லுங்க. – நாகர்கோவில்

ப: இங்கிலாந்து லீக் பட்டம் ஜெயிச்ச லெஸ்டர், 2015–16. மேனேஜர் ரனியேரி வந்ததும் பழைய ஸ்டாஃப்ல முக்கியமானவங்கள அப்படியே வெச்சுக்கிட்டாரு, அதுவே பாதி புத்திசாலித்தனம். இங்கிலாந்துல ஆட்டம் கடுமை, உடம்பு ஆறணும்னு வாரத்துல ரெண்டு நாள் முழு லீவு குடுத்தாரு. செல்சியில டீம மாத்திக்கிட்டே இருந்ததால டிங்கர்மேன்னு பட்டப்பேர் வாங்கின மனுஷன் லெஸ்டர்ல கைய வெக்காம விட்டாரு, சீசன் முழுக்க 23 பேருதான் ஆடினாங்க, லீக்லயே அதுதான் கம்மி. பசங்க டாக்டிக்ஸ் பேச்சுன்னா பயப்படறாங்கன்னு மூஞ்சிய பாத்தே புரிஞ்சிக்கிட்டு அதையும் கொறச்சிட்டாரு. ஐரோப்பிய போட்டி இல்லாததால வாரத்துக்கு ஒரு மேட்ச்தான் பெரும்பாலும், அந்த வசதியும் இருந்துச்சு, மறைக்க வேணாம். இருந்தாலும் மாத்தாம ஆட வெக்கறதுக்கு தைரியம் ரனியேரியோடது, மாத்தாம ஆடியும் தாங்கின கால்கள் அந்த ஸ்டாஃப்போட உழைப்பு.

கே: அண்ணா, நான் வியாசர்பாடியில சின்னப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். 22 பசங்க, நாலு பந்து. ஜிபிஎஸ்ஸுக்கு எல்லாம் எங்க போறது? – வியாசர்பாடி

ப: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தத் தடவ பக்கம் கூட கேட்டு வாங்கினேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்க, அது போதும். ட்ரெய்னிங் முடிஞ்சு அர மணி நேரம் கழிச்சு ஒவ்வொரு பையனையும் தனியா கூப்பிட்டு இன்னைக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு, பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுன்னு கேளுங்க. கூட்டத்துல கேக்காதீங்க, ஒருத்தன் மூணுன்னா எல்லாரும் மூணும்பான். அந்த நம்பர நிமிஷத்தால பெருக்குங்க, 60 நிமிஷம் ட்ரெய்னிங், பையன் 7 சொன்னான்னா 420. உலகம் முழுக்க பெரிய டீமுங்களும் இத இன்னும் பயன்படுத்தறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிப் பாருங்க, போன வாரத்த விட ஒருத்தனுக்கு திடீர்னு எகிறியிருந்தா அவன அடுத்த வாரம் கொஞ்சம் விடுங்க.

நீங்க லேசா குடுத்த நாளு ஒரு பையன் 9 சொன்னான்னா அங்க நில்லுங்க. தூங்கலயா, சாப்பிட்டானா, காலையில வேலைக்குப் போயிட்டு வந்தானா, காய்ச்சல் வருதா. அந்த எடத்துலதான் உங்க கண்ணு வேலைக்கு வரணும்.

இன்னொண்ணு, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நோர்டிக்னு ஒரு பயிற்சி, காசே வேணாம், ஒழுங்கா செஞ்சா அந்தக் காயம் பாதியா கொறையுதுன்னு பல ஆய்வுகள சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. ஒருத்தன் துண்ட மடிச்சுப் போட்டு மேல முட்டி போட்டு நிக்கணும், பின்னாடி இன்னொருத்தன் ரெண்டு குதிகாலையும் அழுத்திப் பிடிச்சுக்கணும், முட்டிலேர்ந்து தோள் வரைக்கும் ஒரே கோடா வெச்சுக்கிட்டு இடுப்ப மடக்காம மெதுவா முன்னாடி சாயணும், இனி தாங்காதுன்னு வரும்போது கைய ஊனி தரையில விழுந்து, கையால தள்ளி எழுந்துக்கணும். முதல் வாரம் ஒரே ஒரு நாள், அஞ்சு அஞ்சா ரெண்டு தடவ போதும். ஆரம்பத்துல தொடை நல்லா வலிக்கும், அதனால மேட்ச்சுக்கு முந்தின நாள் மட்டும் வேணாம்.

ரெண்டு வாரம் எழுதின நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, பசங்க பேர மறைச்சிட்டு. எந்தப் பையன் நம்பர் உங்க கண்ணு சொன்னதோட ஒத்துப் போகலன்னு பக்கத்துலயே எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அத வெச்சே பேசலாம்.